ஜாவா சர்வரில் டீபக் லாக்: திறப்பதற்கு முன்பிருந்து அணைத்த பிறகு வரை

டீபக் லாக் என்பது சர்வர் தன் உள்வேலையை வரி வரியாக எழுதும் விரிவான பதிவு. எரர், வார்ன், இன்ஃபோ, டீபக், ட்ரேஸ் என்று லெவல் போகப்போக விவரம் கூடும். அதைத் திறப்பது ஒரு வரி வேலைதான். புதிதாக வருபவர்கள் அந்த ஒரு வரியிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். லாகர் என்பது கோடின் ஒரு பகுதிக்காக லாக் எழுதும் பெயர்; எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரூட் லாகரை டீபக்குக்கு மாற்றுவார்கள், சர்வரை ரீஸ்டார்ட் செய்வார்கள். பிறகு ஒன்று, எதுவுமே வராது. அல்லது எல்லாமே வந்து கொட்டி, தேடும் வரி அதற்குள் புதைந்துவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வரிசை மாறிவிட்டது.

சரியான வரிசை கீழே இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரே பிரச்சினையைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் எடுக்கும் ஒரு சர்வர், வெளியே உள்ள பேமென்ட் சேவையை அழைக்கிறது. பெரும்பாலும் உடனே பதில் வருகிறது, சில நேரம் மட்டும் முப்பது நொடி தொங்குகிறது. பேமென்ட் சேவைக்காரர்கள் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: சர்வரில் உள்நுழையும் அனுமதி, லாக் ஃபைல்களைப் படிக்கும் உரிமை, இதே மென்பொருள் ஓடும் ஒரு சோதனைச் சூழல். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். ஃபைலில் தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"பேமென்ட் மெதுவாக இருக்கிறது" என்பது கேள்வி அல்ல. "முப்பது நொடி எங்கே போகிறது: இணைப்பு கிடைக்கக் காத்திருக்கிறோமா, இணைப்பு கிடைத்த பிறகு பதிலுக்குக் காத்திருக்கிறோமா?" என்பது கேள்வி. இப்படி எழுதினால் எந்த லாகர் வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும், எப்போது நிறுத்தலாம் என்பதும் தெரியும். கேள்வி இல்லாமல் திறந்த டீபக்கை யாரும் அணைப்பதில்லை.

2. லாகை உண்மையில் எழுதுவது யார் என்று கண்டுபிடியுங்கள்

அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஜாவாவில் லாக் எழுதுவதில் இரண்டு அடுக்கு உண்டு. கோடில் நாம் கூப்பிடுவது பெரும்பாலும் எஸ்எல்எஃப்4ஜே என்ற முகப்பு. அது தானாக எதையும் எழுதாது. பின்னால் லாக்பேக், லாக்4ஜே2, ஜாவாவோடு வரும் ஜேயூஎல் ஆகியவற்றில் ஏதோ ஒன்று உட்கார்ந்து எழுதுகிறது. கோடில் எஸ்எல்எஃப்4ஜே என்று பார்த்துவிட்டு, ப்ராஜெக்டில் கிடக்கும் பழைய லாக்4ஜே கான்ஃபிக் ஃபைலைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். அந்த ஃபைலை யாருமே படிப்பதில்லை, அதனால் எத்தனை முறை மாற்றினாலும் எதுவும் நடக்காது.

ஆகவே ஓடும் சர்வரில் எந்த ஜார்கள் (ஜாவா நூலகப் பொதிகள்) இருக்கின்றன என்று பாருங்கள். ஸ்பிரிங் பூட்டின் ஒற்றை ஜார் என்றால் அதைப் பிரித்து பூட்-இன்ஃப் கீழே உள்ள லிப் ஃபோல்டரைப் பாருங்கள். டாம்கேட் என்றால் வெப்-இன்ஃப் கீழே உள்ள லிப். ப்ராஜெக்டைக் கட்டும் கருவியான மேவனின் டிபென்டன்சி ட்ரீ (நூலகப் பட்டியல்) உதவும், ஆனால் அது உங்கள் கணினியில் உள்ள நிலவரம். சர்வரில் இருப்பது வேறாக இருக்கலாம்.

அப்புறம், சர்வர் எழும்போது கன்சோலில் வரும் முதல் சில வரிகளைப் படியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பின்னணி நூலகம் கிடந்தால் எஸ்எல்எஃப்4ஜே எச்சரிக்கும். அவற்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும், எது என்றும் அங்கேயே சொல்லும். எதுவுமே கிடைக்காவிட்டால் "நோ-ஆபரேஷன்" என்று ஒரு வரி வரும். அப்போது எஸ்எல்எஃப்4ஜே வழியாக வரும் லாக் எதுவும் எழுதப்படாது, எரர் உட்பட. எஸ்எல்எஃப்4ஜே 2-க்கு மாறிவிட்டு லாக்பேக்கை மட்டும் 1.2-லேயே விட்டுவிட்டால் இந்த நிலை வரும். பின்னணி நூலகத்தைத் தேடும் முறையே இரண்டு பதிப்புகளுக்கும் நடுவில் மாறிவிட்டது.

நூலகம் தெரிந்த பிறகு, அது எந்த கான்ஃபிக் ஃபைலைப் படித்தது என்று கேளுங்கள். லாக்பேக்கில் கான்ஃபிகரேஷன் டேகில் டீபக் என்ற பண்பை ட்ரூ ஆக்கினால், எந்த ஃபைலை எங்கிருந்து எடுத்தது என்று தானே சொல்லும். லாக்4ஜே2-வில் அதே வேலையை ஸ்டேடஸ் பண்பு செய்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இவை லாகிங் நூலகம் தன்னைப் பற்றித் தானே பேசுவதற்கானவை, உங்கள் அப்ளிகேஷனின் டீபக்கை இவை திறக்காது. ஸ்பிரிங் பூட்டில் "டீபக் = ட்ரூ" என்று போடுவதும் கிட்டத்தட்ட இதே பொறி. அது உள்ளே பொதிந்த சர்வர், ஹைபர்னேட் (டேட்டாபேஸ் நூலகம்), ஸ்பிரிங் பூட் என்று சில மைய லாகர்களை மட்டும்தான் பேச வைக்கும்.

கான்ஃபிக் ஃபைலே கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள். லாக்பேக் தனியாக ஓடும்போது ரூட்டை டீபக்கில் வைத்து எல்லாவற்றையும் கன்சோலில் கொட்டும். லாக்4ஜே2 எரரை மட்டும் காட்டிவிட்டு அமைதியாக இருக்கும். டிப்ளாய் முடிந்தவுடன், யாரும் திறக்காமலேயே டீபக் கொட்டுகிறது என்றால் முதல் சந்தேகம் காணாமல் போன கான்ஃபிக் ஃபைல் மேல் இருக்கட்டும்.

ஜார்களைப் பார்க்கும்போதே பதிப்பையும் பார்த்துவிடுங்கள். லாக்4ஜே 1-க்கு 2015 ஆகஸ்டோடு ஆதரவு முடிந்துவிட்டது. லாக்4ஜே2-வின் பழைய பதிப்புகளில் 2021 டிசம்பரில் வெளியே வந்த லாக்4ஷெல் ஓட்டை இருக்கிறது. லாகில் எழுதப்படும் ஒரு வரியே தாக்குதலுக்கு வழியாகும் ஓட்டை அது. டீபக் திறந்தால் வெளியாள் அனுப்பும் எழுத்துகள் இன்னும் அதிகமாக லாகுக்கு வரும். ஜாவா 8 அல்லது அதற்கு மேல் ஓடும் சர்வரில் 2.17.1-க்குக் கீழே பார்த்தால், டீபக் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை மேம்படுத்துங்கள்.

3. லாக் போய்ச் சேரும் இடத்தின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள்

ஒரு ரிக்வெஸ்டுக்கு 50 டீபக் வரி, நொடிக்கு 200 ரிக்வெஸ்ட், ஒரு வரி 200 பைட் என்று வையுங்கள். நொடிக்கு 10,000 வரி, 2 எம்பி. ஒரு மணி நேரத்தில் 7.2 ஜிபி. ரூட்டில் டீபக் திறந்தால் இந்தக் கணக்கு மிகை அல்ல. டிஸ்க் நிரம்பினால் லாக் மட்டும் நிற்பதோடு போகாது. அதே டிஸ்கில் எழுதும் மற்ற எல்லாமும் சேர்ந்து படுத்துவிடும்.

ஃபைலில் எழுதுகிறீர்கள் என்றால் அளவும் நேரமும் சேர்த்துச் சுழற்றும் கொள்கையைப் போடுங்கள். லாக்பேக்கில் ஒரு ஃபைலின் அதிகபட்ச அளவு, எத்தனை நாள் வைத்திருப்பது, மொத்தத்துக்கும் சேர்த்து உச்ச வரம்பு என்று மூன்று எண்கள். மொத்த வரம்பை மட்டும் கொடுத்துவிட்டு நாள் கணக்கை விட்டுவிட்டால் அந்த வரம்பு வேலை செய்யாது. நாள் கணக்கைச் சொல்லும் மேக்ஸ்ஹிஸ்டரி இருந்தால்தான் அது பார்க்கப்படும். இது பலருக்கும் டிஸ்க் நிரம்பிய பிறகுதான் தெரியவருகிறது.

கன்டெய்னரில் ஓடினால் பிரச்சினை வேறு மாதிரி. டாக்கரின் இயல்பான ஜேசன்-ஃபைல் முறையில் சுழற்சியே கிடையாது, ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். குபர்னெட்டீஸில் நேர் எதிர்: இயல்பாக ஒரு கன்டெய்னருக்கு 10 எம்பி வீதம் 5 ஃபைல்தான். மேலே சொன்ன வேகத்தில் அரை நிமிடத்துக்குள் பழையது அழிந்துவிடும். அதிலும் குப்கண்ட்ரோல் லாக்ஸ் கட்டளை கடைசி ஃபைலை மட்டுமே காட்டும். லினக்ஸில் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டி வழியாகப் போனால், அதன் லாக் சேகரிப்பான் ஜர்னல்டி ஒரு சேவையிடமிருந்து 30 நொடிக்கு 10,000 வரி என்ற அடிப்படை வரம்பு வைத்திருக்கிறது. டிஸ்கில் மிச்ச இடம் இருந்தால் கொஞ்சம் தளர்த்தும், மீதியை எறிந்துவிட்டு "இத்தனை வரி தடுக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளும். நீங்கள் தேடும் வரி அந்தத் தடுக்கப்பட்டவற்றில் இருக்கலாம்.

4. தேவையான லாகரின் பெயரை மட்டும் பிடியுங்கள்

லாகர்களின் பெயர்கள் புள்ளிகளால் பிரிந்த மரம். மேலே ஒரு லெவல் வைத்தால் கீழே உள்ளவை எல்லாம் அதை எடுத்துக்கொள்ளும், தனக்கென்று ஒன்று வைத்திருப்பவை தவிர. பெரும்பாலான கோடில் லாகரின் பெயரும் க்ளாஸின் முழுப் பெயரும் ஒன்றே. ஸ்டாக் ட்ரேஸில் (பிழையோடு அச்சாகும் அழைப்புப் பட்டியலில்) தெரியும் க்ளாஸ் பெயர்கள் நல்ல ஆரம்பம். லாக் வரியில் லாகரின் பெயர் அச்சாகாவிட்டால், வரியின் வடிவத்தைச் சொல்லும் பேட்டர்னில் அதைச் சேர்த்துவிடுங்கள். அதற்குச் செலவு கிடையாது. கோடின் வரி எண், மெத்தட் பெயர் இரண்டையும் மட்டும் பேட்டர்னில் போடாதீர்கள். அவற்றைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு லாக் வரிக்கும் அழைப்பு அடுக்கைத் தோண்ட வேண்டும், டீபக் வேகத்தில் அது சர்வரையே இழுத்துப் பிடிக்கும்.

நம் உதாரணத்தில் வெளிச் சேவையை அழைக்கும் நூலகமாக அப்பாச்சி ஹெச்டிடிபிக்ளையன்ட் 4 இருக்கிறது என்று வைப்போம். எளிதாகத் தோன்றுவது "ஆர்க்.அப்பாச்சி.ஹெச்டிடிபி" முழுவதையும் டீபக் ஆக்குவது. செய்யாதீர்கள். அதன் கீழே "வயர்" என்றொரு லாகர் இருக்கிறது. கம்பியில் போகும் ஒவ்வொரு பைட்டையும் அது எழுதும். "ஹெடர்ஸ்" என்ற இன்னொன்று ஆத்தரைசேஷன் ஹெடரோடு சேர்த்து எல்லா ஹெடரையும் எழுதும். நம் கேள்விக்கு இவை இரண்டும் வேண்டாம். இணைப்புகளைக் கையாளும் "ஆர்க்.அப்பாச்சி.ஹெச்டிடிபி.இம்ப்ல்.கான்" போதும்.

டேட்டாபேஸ் பக்கம் என்றால்: ஹைபர்னேட் அனுப்பும் எஸ்கியூஎல் வரிகளுக்கு "ஆர்க்.ஹைபர்னேட்.எஸ்கியூஎல்" லாகரை டீபக்கில் வையுங்கள். கேள்விக்குறிகளுக்குள் போன மதிப்புகள் வேண்டும் என்றால் ஹைபர்னேட் 6-இல் "ஆர்க்.ஹைபர்னேட்.ஓஆர்எம்.ஜேடிபிசி.பைண்ட்" லாகரை ட்ரேஸில் வைக்க வேண்டும். 5-இல் அந்தப் பெயர் வேறு, அதனால் பழைய குறிப்பைப் பார்த்துப் போட்டால் எதுவும் வராது. "ஷோ எஸ்கியூஎல்" அமைப்பைத் தவிர்த்துவிடுங்கள். அது லாகிங் நூலகத்தைத் தொடாமல் நேராகக் கன்சோலில் அச்சிடும். நேரமும் இல்லை, எந்த த்ரெட் (வேலையை ஓட்டும் இழை) எழுதியது என்ற பெயரும் இல்லை, ஓடும்போது அணைக்கவும் முடியாது.

5. என்னென்ன ரகசியம் வெளியே வரும் என்று முன்கூட்டியே பாருங்கள்

தேர்ந்தெடுத்த லாகரை முதலில் சோதனைச் சூழலில் திறந்து, வரும் வரிகளை ஒரு முறை கண்ணால் படியுங்கள். பாஸ்வேர்ட், டோக்கன், கார்டு எண், யாருடைய முகவரியாவது இருக்கிறதா? கார்டுப் பணம் கையாளும் இடத்தில் சிவிவி எண்ணை அனுமதி முடிந்த பிறகு சேமித்து வைக்கவே கூடாது என்பது கார்டுப் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ் விதி. லாக் ஃபைலும் சேமிப்புதான்.

இதைத் திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. லாக் ஒரு ஃபைலோடு நிற்பதில்லை. மையத் தேடல் கருவிக்குப் போகும், பேக்கப்புக்குப் போகும், யாரோ ஒருவர் அதிலிருந்து நான்கு வரி எடுத்து சாட்டில் ஒட்டுவார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பது நடக்காத காரியம்.

6. அணைக்கும் வழியைத் திறப்பதற்கு முன் தயார் செய்யுங்கள்

இப்போதைய லெவல் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அணைக்கும் கட்டளையைத் திறக்கும் கட்டளைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். யார், எத்தனை மணிக்கு அணைப்பார் என்பதைக் குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். டிஸ்க் நிரம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் கட்டளையைத் தேடிக்கொண்டிருப்பது நல்ல அனுபவம் அல்ல.

7. ரீஸ்டார்ட் இல்லாமல் திறங்கள்

ரீஸ்டார்ட் செய்தால் நீங்கள் தேடும் நிலையே அழிந்துவிடும். தொங்கிக்கொண்டிருந்த இணைப்புகள், நிரம்பிய கேஷ் எல்லாம் புதிதாகிவிடும். பிரச்சினை தானாக மறைந்து, ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும்.

ஸ்பிரிங் பூட்டில் ஆக்சுவேட்டர் (ஓடும் அப்ளிகேஷனை வெளியிலிருந்து கவனிக்கவும் மாற்றவும் உதவும் பகுதி) இருந்தால் வேலை எளிது. லாகர்ஸ் என்ற முகவரிக்கு, லாகரின் பெயரைச் சேர்த்து ஒரு கெட் அழைப்பு அனுப்பினால் இரண்டு மதிப்பு வரும்: நேராக வைத்த லெவல், மேலிருந்து பெற்றுக்கொண்டு இப்போது செயல்படும் லெவல். அதே முகவரிக்கு "கான்ஃபிகர்ட்லெவல்" என்ற ஜேசன் புலத்தில் டீபக் என்று போஸ்ட் செய்தால் அந்த நொடியே மாறும். அதே புலத்தில் நல் (வெற்று மதிப்பு) அனுப்பினால் பழையபடி மேலிருந்து பெறும் நிலைக்குத் திரும்பும். மூன்று எச்சரிக்கைகள். இந்த முகவரி இயல்பாக வெளியே திறந்திருக்காது, நீங்கள்தான் திறக்க வேண்டும், அதுவும் பாதுகாப்போடு. மாற்றம் அந்த ஒரு ஜேவிஎம்முக்கு (ஓடும் ஜாவா ப்ராசஸுக்கு) மட்டும்தான். முன்னால் ரிக்வெஸ்ட்களைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் இருந்தால் உங்கள் போஸ்ட் எந்தச் சர்வருக்குப் போனது என்பதே தெரியாது, ஆகவே ஒவ்வொன்றையும் நேரடி முகவரியில் அழையுங்கள். மூன்றாவது, ரீஸ்டார்ட் ஆனால் மாற்றம் போய்விடும். என் பார்வையில் இது நல்லதுதான், மறந்துபோன டீபக் தானே அணையும்.

ஆக்சுவேட்டர் இல்லையென்றால் கான்ஃபிக் ஃபைலைத் தானாகக் கவனிக்கும் வசதி உண்டு. லாக்பேக்கில் ஸ்கேன் பண்பு, இயல்பாக நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும். லாக்4ஜே2-வில் மானிட்டர்இன்டர்வல், நொடிக் கணக்கில். இரண்டையும் பிரச்சினை வருவதற்கு முன்பே போட்டு வைத்திருக்க வேண்டும். கான்ஃபிக் ஃபைல் ஜாருக்குள் பொதிந்திருந்தால் மாற்றவும் வழியில்லை, ஆகவே வெளியே வையுங்கள். லாக்பேக்-ஸ்பிரிங் ஃபைலில் ஸ்பிரிங்ப்ரொஃபைல் போன்ற விரிவுகளைப் பயன்படுத்தினால் ஸ்கேன் அதோடு ஒத்துப்போகாது.

வைல்ட்ஃப்ளை என்ற ஜாவா சர்வரில் அதன் கட்டளைக் கருவி ஜேபாஸ்-சிஎல்ஐ வழியாக லாகரைச் சேர்த்தால் உடனே செயல்படும். ஆனால் அது ஸ்டாண்ட்அலோன் ஃபைலிலும் எழுதப்பட்டுவிடும், ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் இருக்கும். ஆக்சுவேட்டருக்கு நேர் எதிர். இரண்டு சூழலிலும் வேலை செய்பவர்கள் இங்கேதான் மறந்துபோகிறார்கள்.

என்விரான்மென்ட் வேரியபிள் வழியாக ஸ்பிரிங் பூட்டில் லெவல் வைப்பவர்களுக்கு ஒரு சொல். பெயர் முழுவதும் சிறிய எழுத்தாக மாறிவிடும் என்பதால் பேக்கேஜுக்கு மட்டும்தான் அது பொருந்தும். க்ளாஸ் பெயரில் பெரிய எழுத்து இருக்குமே, அதைப் பிடிக்காது. க்ளாஸ் வேண்டும் என்றால் ஸ்பிரிங் அப்ளிகேஷன் ஜேசன் என்ற வேரியபிளில் கொடுங்கள்.

8. திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால்

இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், இரண்டு வாசல் இருக்கிறது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். லாகர் ஒரு வரியை அனுமதித்தாலும், அதை வெளியே எழுதும் அப்பெண்டர் அல்லது ஹேண்ட்லர் தன் பங்குக்கு மறுக்கலாம். ஜேயூஎல்லில் இது எப்போதும் நடக்கும். ஜாவாவோடு வரும் அமைப்பில் கன்சோல் ஹேண்ட்லர் இன்ஃபோவில் நிற்கிறது. லாகரை ஃபைனுக்கு மாற்றினாலும் (ஜேயூஎல்லில் டீபக்குக்கு இணை ஃபைன்தான்) கன்சோலில் வராது. வைல்ட்ஃப்ளையிலும் அப்படித்தான். இயல்பு அமைப்பில் கன்சோல் இன்ஃபோவைத்தான் காட்டும், டீபக் வரி சர்வர்.லாக் ஃபைலில் அமைதியாகச் சேர்ந்துகொண்டிருக்கும். லாக்பேக்கில் அப்பெண்டர் மேல் யாராவது த்ரெஷோல்ட் ஃபில்டர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இரண்டாவது, அசிங்க் அப்பெண்டர், அதாவது வரிகளை ஒரு வரிசையில் நிறுத்திப் பின்னால் எழுதுவது. இது வரிகளை வேண்டுமென்றே எறியும். லாக்பேக்கில் அதன் வரிசை இயல்பாக 256 இடம். அதில் 20 சதவீதம் மட்டும் மிச்சம் இருக்கும்போது ட்ரேஸ், டீபக், இன்ஃபோ வரிகளைக் கைவிட்டு வார்னையும் எரரையும் மட்டும் வைத்துக்கொள்ளும். டீபக் திறந்தவுடன் நெரிசல் வரும், நெரிசல் வந்தவுடன் டீபக் வரிதான் முதலில் போகும். லாகில் நடுநடுவே ஓட்டை விழுந்ததுபோல் இருந்தால் காரணம் இதுதான். டிஸ்கார்டிங்த்ரெஷோல்டை 0 ஆக்கினால் எறியாது, பதிலாக வரிசை நிரம்பும்போது ரிக்வெஸ்ட் த்ரெட் நின்று காத்திருக்கும். எது பரவாயில்லை என்பது உங்கள் முடிவு. நான் லாகரை இன்னும் குறுக்கிவிட்டு 0 வைப்பேன்.

மூன்றாவது, லெவலைக் கோடில் வைத்தீர்களா? ஜேயூஎல் தன் லாகர்களைப் பலவீனமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. லாகரை எடுத்து லெவல் வைத்துவிட்டு அதை ஸ்டேடிக் ஃபீல்டில் வைக்காமல் விட்டால், கார்பேஜ் கலெக்‌ஷனில் லாகரும் போகும், லெவலும் போகும். காலையில் வந்த டீபக் மதியம் நின்றுவிடும்.

கடைசியாக, பெயரில் எழுத்துப்பிழை. இருக்காத பெயருக்கு லெவல் வைத்தால் எந்த நூலகமும் குறை சொல்லாது.

ஒவ்வொரு வரியும் இரண்டிரண்டாக வருகிறதா? கீழ் லாகருக்கு ஒரு அப்பெண்டர் கட்டியிருப்பீர்கள், ரூட்டிலும் அதே அப்பெண்டர் இருக்கும். கீழ் லாகரின் அடிட்டிவிட்டியை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

9. ஒரே ஒரு ஆளின் ரிக்வெஸ்டுக்கு மட்டும் திறப்பது

ஒரு பயனருக்கு மட்டும் வரும் பிரச்சினைக்கு எல்லோருடைய டீபக்கையும் எழுத வேண்டியதில்லை. ரிக்வெஸ்ட் உள்ளே நுழையும் ஃபில்டரில் பயனர் அடையாளத்தை எம்டிசியில் (லாக் வரிகளோடு சேர வேண்டிய குறிப்புகளை வைக்கும் இடத்தில்) வையுங்கள். லாக்பேக்கில் எம்டிசிஃபில்டர் என்ற டர்போ ஃபில்டர் (லாகரின் லெவலுக்கு முன்பே முடிவெடுக்கும் வடிகட்டி) இருக்கிறது. இந்தச் சாவியில் இந்த மதிப்பு வந்தால் லாகரின் லெவலைப் பார்க்காமல் அனுமதி என்று அதில் சொல்லலாம். லாக்4ஜே2-வில் டைனமிக்த்ரெஷோல்ட்ஃபில்டர் இந்த வேலைக்கு உதவும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. எம்டிசி த்ரெட்டோடு ஒட்டியது. ரிக்வெஸ்ட் முடியும்போது ஃபைனலி பகுதியில் அழிக்காவிட்டால், அதே த்ரெட்டில் அடுத்து வருபவரின் வரிகள் முந்தையவர் பெயரில் பதிவாகும். தப்பான தடயம், தடயமே இல்லாததைவிட மோசம். இன்னொன்று, வேலையை வேறு த்ரெட் பூலுக்குக் கொடுத்தால் எம்டிசி கூடவே போகாது. நீங்கள்தான் நகல் எடுத்து ஒப்படைக்க வேண்டும்.

10. கோடில் புதிய டீபக் வரி சேர்க்க வேண்டியிருந்தால்

செய்தியையும் மதிப்பையும் பிளஸ் போட்டு ஒட்டாதீர்கள். டீபக் அணைந்திருந்தாலும் அந்த ஒட்டும் வேலை நடக்கும். சுருள் அடைப்புக்குறி ஜோடியை வைத்து மதிப்பைத் தனியாகக் கொடுங்கள், எழுதும்போது மட்டும் சேரும். ஆனால் இதை அதிகமாக நம்பவும் கூடாது: மதிப்பைத் தருவது ஒரு மெத்தட் அழைப்பு என்றால், லெவல் எதுவாக இருந்தாலும் அது ஓடிவிடும். பெரிய பட்டியலை ஜேசனாக மாற்றி டீபக்கில் எழுதும் வரிகள் இப்படித்தான் வருஷக்கணக்கில் சர்வரின் நேரத்தைத் தின்கின்றன. அங்கே "டீபக் திறந்திருக்கிறதா" என்ற சோதனையை முன்னால் வையுங்கள், அல்லது லாக்4ஜே2-விலும் எஸ்எல்எஃப்4ஜே 2-விலும் லாம்டாவாக (தேவைப்பட்டால் மட்டும் ஓடும் சிறு கோடாக) கொடுங்கள்.

எக்ஸெப்ஷனைக் கடைசி மதிப்பாகக் கொடுங்கள், அதற்கு அடைப்புக்குறி வேண்டாம். அதன் கெட்மெசேஜை மட்டும் எழுதினால் ஸ்டாக் ட்ரேஸ் போய்விடும். பயனர் அனுப்பிய எழுத்தை அப்படியே எழுதும்போது அதில் உள்ள புதிய வரிக் குறியை நீக்குங்கள், இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் உங்கள் லாகில் பொய் வரி ஒன்றை நுழைக்கலாம்.

11. பிரச்சினையை வரவழைத்து, வரியைப் படியுங்கள்

திறந்த பிறகு முதலில் ஒரு சாதாரண ரிக்வெஸ்டை அனுப்பி வரி வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் பிரச்சினைக்குக் காத்திருங்கள். நம் உதாரணத்தில் தொங்கும் நேரத்தில் வரும் வரி, தமிழில் சொன்னால், ஏறக்குறைய இப்படி இருக்கும்:

14:02:11.318 [எக்ஸெக்-7] இணைப்பு கோரிக்கை: [இந்தத் தடத்துக்குக் கொடுத்தவை: 2-இல் 2; மொத்தம்: 20-இல் 2]

14:02:41.102 [எக்ஸெக்-7] இணைப்பு கொடுக்கப்பட்டது

கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. ஹெச்டிடிபிக்ளையன்ட் 4-இன் பூலில் (இணைப்புகளின் தொகுப்பில்) நாம் மாற்றாவிட்டால் ஒரு முகவரிக்கு 2 இணைப்பு, மொத்தம் 20. இரண்டும் வேலையில் இருந்தபோது வந்த மூன்றாவது ரிக்வெஸ்ட் முப்பது நொடி வரிசையில் நின்றிருக்கிறது. பேமென்ட் சேவை சொன்னது சரிதான், ரிக்வெஸ்ட் அவர்களிடம் போகவே இல்லை. ரூட்டை டீபக் ஆக்கியிருந்தால் இந்த இரண்டு வரிக்கு நடுவில் மற்ற த்ரெட்களின் ஆயிரக்கணக்கான வரிகள் கிடந்திருக்கும். த்ரெட் பெயரை வைத்து வடிகட்டிப் படிப்பதும் அதனால்தான். இரண்டு வரிக்கு இடையே உள்ள இடைவெளிதான் செய்தி, அதை நேர வரிசையில் கண்ணால் தேட முடியாது.

12. அணையுங்கள், அணைந்ததா என்று பாருங்கள்

ஆறாவது படியில் எழுதி வைத்த கட்டளையை ஓட்டுங்கள். எல்லாச் சர்வர்களிலும். ஆக்சுவேட்டர் என்றால் கெட் அழைப்பில் செயல்படும் லெவல் பழையபடி ஆகிவிட்டதா என்று பாருங்கள். பிறகு லாக் ஃபைல் வளரும் வேகத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். கெட் அழைப்பு ஒன்று சொல்லி, ஃபைல் வேறு சொன்னால், ஃபைலை நம்புங்கள்.

டிஸ்க் நெருக்கடியில் இருந்தால், சர்வர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை ஆர்எம் போட்டு அழிக்காதீர்கள். லினக்ஸில் பெயர் மறையும், ப்ராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை இடம் திரும்பக் கிடைக்காது. அழித்தும் டிஸ்க் அப்படியே இருக்கிறதே என்று குழம்புவது இங்கேதான். தேவையான பகுதியை வேறு டிஸ்குக்கு நகல் எடுத்துவிட்டு, ட்ரங்கேட் கட்டளையால் ஃபைலைப் பூஜ்ஜியமாக்குங்கள். டாம்கேட்டின் கேடலினா.அவுட் தானாகச் சுழலாது, அதற்கும் இதே வழி.

நகல் எடுத்த டீபக் ஃபைல் உங்கள் கணினியிலும் இருக்கும். கேள்விக்குப் பதில் கொடுத்த வரிகளை மட்டும் பிழைப் பதிவில் ஒட்டிவிட்டு, ரகசியம் இருந்தால் மறைத்துவிட்டு, மீதியை அழித்துவிடுங்கள்.